லிப்டனின் ஆசனம் தெரிகிறவர்களுக்கு மீரியபெத்த ஏன் தெரிவதில்லை?

நீளமான பதிவு. அவசரத்தில் இருப்பவர்கள் லைக் போட்டுவிட்டுப் போகாமல், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆறுதலாக வந்து வாசியுங்கள்.

கொஸ்லந்தைக்குச் சுற்றுலா வருகிறது என்று எல்லோரும் சந்தோஷப்படுகிறார்கள். இந்தப் பக்கத்துத் தமிழ்மொழிப் பாடசாலைகளில் படிப்பிக்கும் எங்களுக்கும் அதில் வயிற்றெரிச்சல் இல்லை. எங்களிடம் படித்த பிள்ளைகள் கொழும்புக்குக் கடை வேலைக்கும் கட்டாருக்கும் போகாமல் இங்கேயே நாலு காசு பார்த்தால் எங்களுக்குத்தான் முதல் சந்தோஷம். ஆனால் வருகிற சுற்றுலா எந்தக் கதையைச் சொல்லிக்கொண்டு வருகிறது, அந்தக் கதையை யாருடைய வாய் சொல்கிறது என்று கேட்க வேண்டியிருக்கிறது.

எல்லயில் தங்கியிருக்கும் வெள்ளைக்காரருக்கு விற்கப்படும் ஒருநாள் பயணம் இந்த வீதியில் இருக்கும் எல்லோருக்கும் மனப்பாடம். விடியமுன் ஹப்புத்தளை, தம்பேதென்னைத் தோட்டம், அதற்கு மேலே லிப்டன் சீட். அங்கே ஒரு வாங்கில் லிப்டன் சிலையாக இருக்கிறார். பக்கத்தில் இருந்து படம் எடுப்பார்கள். 1890 இல் லிப்டன் துரை இந்தத் தோட்டத்தை வாங்கினார், தொழிற்சாலை கட்டினார், உலகத்துக்கே தேயிலை கொடுத்தார் என்று வழிகாட்டி சொல்வார். பிறகு வேன் பெரகல, கொஸ்லந்த வழியாக இறங்கி தியலுமவுக்குப் போகும். 220 மீற்றர், நாட்டின் இரண்டாவது உயரமான நீர்வீழ்ச்சி. அங்கே இன்னொரு கதை: காதலியைக் கொடிக் கயிற்றில் மேலே இழுத்த இளம் தலைவன், பாறையில் மோதிச் செத்த பெண், இரங்கிய தெய்வங்கள். எல்லக்குத் திரும்பினால் இராவணன் குகை.

ஒரு ஸ்கொட்லாந்து வியாபாரி, ஒரு பழங்காலத் தலைவன், ஒரு இதிகாச அரசன். இந்த மூன்று பேருக்கும் இடையில் இந்த மலையில் ஒரு சனமும் வாழவே இல்லைப் போல. தோட்டத்துச் சனம் பயணத்தில் இல்லாமல் இல்லை. அவர்கள் படத்தில் இருக்கிறார்கள், தலையில் கூடைக் கயிறோடு. சில இடங்களில் வந்தவருக்கே சேலை கட்டிக் கூடை மாட்டிவிட்டு, கொழுந்து கிள்ளும் அனுபவம் என்று காசு வாங்குகிறார்கள். உண்மையில் கிள்ளுகிற அம்மாவின் அடிப்படை நாட்சம்பளம் 2024 இல் 1,350 ரூபாயாக இருந்தது. அதற்கும் எத்தனை வருடப் போராட்டம்! விளையாட்டுக்குக் கிள்ளுகிறவர் அதைவிடக் கூடக் கொடுத்துவிட்டுப் போகிறார். அந்தக் காசு லயத்துக்குப் போவதில்லை.

தியலுமவுக்குப் போகிற அந்த வேன்கள் கொஸ்லந்த சந்தியில் தண்ணீர்ப் போத்தல் வாங்க நிற்கும். அங்கிருந்து மேலே போகிற பாதையில் மீரியபெத்த இருக்கிறது.

2024 ஒக்டோபர் 29 ஆம் திகதியோடு பத்து வருடம் ஆனது. 2014 இல் அந்தப் புதன்கிழமைக் காலையில், அம்பிட்டிகந்தத் தோட்டத்து மீரியபெத்தப் பிரிவின் லயங்களின் மேல் மலை இறங்கியது. வேளைக்கே பாடசாலைக்குப் புறப்பட்ட பிள்ளைகள் தப்பினார்கள். அவர்கள் திரும்பிப் போக வீடு இருக்கவில்லை, பலருக்கு அம்மா அப்பாவும் இருக்கவில்லை. செத்தவர்கள் எத்தனை பேர் என்று முதலில் நூற்றுக்கணக்கில் சொன்னார்கள், பிறகு எண் குறைந்துகொண்டே போய் நாற்பதுக்குள் வந்து நின்றது. எடுக்கப்பட்ட உடல்கள் கொஞ்சம்தான். மிச்சப் பேர் அந்த மண்ணுக்குள்ளேயே இருக்கிறார்கள். அந்த இடம் ஆபத்தானது, ஆட்களை எழுப்ப வேண்டும் என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 2005 இலும் 2011 இலும் சொல்லியிருந்தது. சொன்னது உண்மைதான். சொன்ன பிறகு எங்கே போய் இருப்பது? தோட்டத்துச் சனத்துக்குத் தோட்டத்துக்கு வெளியே ஒரு பேர்ச் காணி இருந்ததா? லயம் கம்பனியுடையது, காணி அரசாங்கத்துடையது, சாவு மட்டும் அவர்களுடையது. உயிர் தப்பியவர்களுக்குப் பூனாகலைப் பக்கம் 75 வீடுகள் கட்டிக் கொடுக்க இரண்டு வருடம் எடுத்தது. 2023 மார்ச்சில் அதே பூனாகலையில் கபரகலை சரிந்தது. மறுபடியும் லயங்கள், மறுபடியும் முகாம்.

இதைச் சொன்னால் உடனே ஒரு பதில் வருகிறது. “விடுமுறைக்கு வருகிறவனுக்கு எதற்கு இந்த இழவுக் கதை? டொலர் இல்லாமல் நாடு படுத்தது மறந்துவிட்டதா?” எங்கள் நண்பர்களே சொல்கிறார்கள், கடை வைத்திருப்பவர்களும் சொல்கிறார்கள். அவர்களுக்கு அவுஸ்திரேலியாவில் நடக்கும் ஒரு சுற்றுலாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

விக்டோரியா மாநிலத்தின் தென்மேற்கில் புட்ஜ் பிம் என்று ஒரு அணைந்த எரிமலை இருக்கிறது. ஏறத்தாழ 37,000 வருடங்களுக்கு முன்பு வெடித்தது என்கிறார்கள். அது கக்கிய குழம்பு ஆறுபோல் ஓடிக் கறுப்புக் கல்லாகக் கிடக்கிறது. அந்த மண்ணின் பூர்வகுடிகள் குண்டிட்ஜ்மாரா மக்கள். அந்தக் கற்களை அடுக்கி வாய்க்காலும் அணையும் பொறியும் செய்து விலாங்கு மீன் வளர்த்தவர்கள். அந்த வேலைகளில் சிலதுக்கு வயது 6,600 வருடம், எகிப்துப் பிரமிட்டுகளைவிட மூப்பு. வெள்ளைக்காரர் வந்ததும் என்ன நடந்தது? மலைக்கு எக்கிள்ஸ் என்று பெயர் வைத்தார்கள். நிலத்தை ஆட்டுப்பட்டிகளுக்குப் பிரித்தார்கள். எதிர்த்தவர்களோடு 1840களில் சண்டை, கொலை. மிஞ்சியவர்களை மிஷன் குடியிருப்பில் போட்டார்கள். கல் வாய்க்கால்களை அவர்கள் மட்டும் மறக்கவில்லை.

2007 இல் நீதிமன்றம் அவர்களுடைய பூர்வீக நில உரிமையை ஏற்றுக்கொண்டது. 2019 யூலையில் யுனெஸ்கோ அதை உலக மரபுரிமை ஆக்கியது. பூர்வகுடிகளின் பண்பாட்டுப் பெறுமதிக்காக மட்டுமே பட்டியலில் சேர்ந்த முதல் அவுஸ்திரேலிய இடம் அதுதான். இன்றைக்கு அங்கே போகிறவர்களைக் கூட்டிக்கொண்டு நடப்பவர்கள் குண்டிட்ஜ்மாரா வழிகாட்டிகள். சுற்றுலாவை நடத்துவது அவர்களுடைய அமைப்பு. எரிமலை எப்படி வெடித்தது என்றும் சொல்கிறார்கள், அந்த மலை தங்கள் முன்னோரின் தலை என்றும் சொல்கிறார்கள், தங்கள் ஆட்கள் எப்படிக் கொல்லப்பட்டார்கள் என்றும் சொல்கிறார்கள். விலாங்கு மீனும் சமைத்துக் கொடுக்கிறார்கள். இழவுக் கதை கேட்டதால் யாரும் டிக்கட் காசைத் திருப்பிக் கேட்டதாகத் தெரியவில்லை!

அவுஸ்திரேலியாவைப் புகழ்வதற்காக இதை எழுதவில்லை. பூர்வகுடிகளின் உரிமைப் பிரகடனம் 2007 இல் ஐக்கிய நாடுகள் சபையில் வாக்குக்கு வந்தபோது எதிர்த்து வாக்களித்த நாலே நாடுகளில் அதுவும் ஒன்று. இலங்கை ஆதரித்துக் கை தூக்கியது. கை தூக்கிய நாங்கள் எங்கள் பூர்வகுடிகளை எப்படி வைத்திருக்கிறோம்?

தூரம் போக வேண்டியதில்லை. தம்பானை எங்கள் பதுளை மாவட்டம்தான், மஹியங்கனைக்கு அப்பால். பாடசாலைச் சுற்றுலாக்களும் அங்கே போகின்றன. வேடர் தலைவர் ஊருவரிகே வன்னில அத்தோவோடு நின்று படம், தோளில் கோடரி வைத்த ஆட்கள், அம்பு எய்து காட்டுதல், ஒரு ஆட்டம், தேன் போத்தல். அரை மணித்தியாலத்தில் பஸ் கிளம்பும். 1983 இல் மகாவலித் திட்டத்தோடு மாதுரு ஓயா தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டபோது அவர்களுடைய வேட்டைக்காடு பூங்காவுக்குள் போனது என்று அந்த அரை மணித்தியாலத்தில் யாராவது பிள்ளைகளுக்குச் சொல்கிறார்களா? தகப்பன் திசாஹாமியின் காலத்திலிருந்து அந்தக் காட்டைத்தான் கேட்கிறார்கள். வன்னில அத்தோ 1996 இல் ஜெனீவாவுக்கே போய்க் கேட்டார். காட்டை எடுத்துக்கொண்டு வில்லை மட்டும் கையில் விட்டுவைத்திருக்கிறோம், வந்தவர்களுக்கு எய்து காட்ட. வாகரைப் பக்கத்தில் தமிழ் பேசும் வேடர் இருக்கிறார்கள். அவர்களைப் பார்க்க அந்த அரை மணித்தியால பஸ்கூடப் போவதில்லை.

தம்பானைக்கு நடந்தது கொஸ்லந்தைக்கும் நடக்கப் போகிறது என்பதுதான் எங்கள் பயம். வில்லுக்குப் பதிலாகக் கூடை.

இங்கே ஒரு நியாயமான கேள்வி இருக்கிறது. தோட்டத்துச் சனம் பூர்வகுடிகளா? இல்லை. அந்தப் பெயரை நாங்கள் அவர்களுக்காகக் கேட்கவும் இல்லை. வேடருடைய பெயரையும் வேறு யாரும் பிடுங்கிக்கொள்ளக் கூடாது. காடாக இருந்த மலைகளைக் கோப்பிக்காக வெட்டித் திறந்தது வெள்ளைக்காரன். வெட்டியது, மன்னாரிலிருந்து நடந்து வந்த இவர்களுடைய பாட்டன் பூட்டன். வந்து 200 வருடம் என்று 2023 இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தார்களே, அந்த வழிதான். கோப்பி நோயில் செத்தது, தேயிலை வந்தது, 1948 இல் குடியுரிமை போனது, 1964 இல் இரண்டு பிரதமர்கள் பேசிப் பாதிப் பேரைக் கப்பலேற்ற முடிவெடுத்தார்கள். பிரஜாவுரிமை திரும்பக் கிடைத்தும் காணி கிடைக்கவில்லை. பூர்வகுடி என்று சொல்ல முடியாது, சரி. ஆனால் ஒரு மலையின் கதையைச் சொல்ல அந்த மலைக்கு அடியில் புதைந்திருப்பவர்களின் பிள்ளைகளைவிட வேறு யாருக்குத் தகுதி இருக்கிறது?

தகுதி என்று உணர்ச்சிவசப்பட்டுச் சொல்லவில்லை. எங்கள் நாட்டில் எரிமலை இல்லை. உவாவின் மலைகள் உருமாறிய பழம் பாறை, ஐம்பது கோடி வருடத்துக்கும் மேற்பட்டவை. புவியியல் பாடத்தில் இதைப் படிப்பிக்கிறோம். ஆனால் இங்கேயும் நிலம் சும்மா இருப்பதில்லை. தெற்கே பார்த்த இந்தச் செங்குத்துச் சரிவில், மேலேயிருந்து உருண்டு வந்த பழைய மண்ணும் கல்லும் கலந்து கிடக்கிறது. அதற்கு மேலேதான் லயங்களைக் கட்டினார்கள். மழைத் தண்ணீர் உள்ளே இறங்கி ஊறினால் அந்த மண் பாரமாகும், பிடி விடும். தண்ணீரை வெளியே கொண்டுபோகத்தான் மலை நெடுகக் கான் வெட்டி வைத்தார்கள். கான் வெட்டும் கான் துப்புரவும் தோட்டத்தில் ஒரு தனி வேலையாக இருந்தது. கம்பனிகள் ஆள் குறைத்ததில் முதலில் போனது இப்படிப்பட்ட, கொழுந்து தராத வேலைகள்தான். எந்தக் கான் எங்கே அடைத்திருக்கிறது என்று பழைய கான் வெட்டுக்காரரைக் கேட்டால் இன்றைக்கும் சொல்வார். நிலத்தில் வெடிப்பு எந்தப் பக்கம் வாய் திறக்கிறது, சவுக்கு மரம் எப்போது சாய ஆரம்பித்தது, பீலித் தண்ணீர் ஏன் திடீரென்று கலங்கி வருகிறது, நேற்றுவரை சரியாகச் சாத்திய காம்பரா கதவு இன்றைக்கு ஏன் இறுகிப் பிடிக்கிறது, எல்லாவற்றுக்கும் அவர்களிடம் அர்த்தம் இருக்கிறது. வீட்டுச் சுவரே அவர்களுக்கு அளவுகோல். இதெல்லாம் மண்சரிவின் முன்னறிகுறிகள் என்று நிபுணர்களின் துண்டுப் பிரசுரத்திலும் இருக்கிறது. துண்டுப் பிரசுரத்துக்கு முன்பே லயத்தில் இருந்தது.

குண்டிட்ஜ்மாராக்காரர் எரிமலைக் கல்லைப் படித்தது போல இவர்கள் சரிவைப் படித்தவர்கள். அதைக் கேட்டுக்கொண்டு ஒரு நாள் இந்த மலையில் நடப்பது, தியலுமவில் குளித்துவிட்டுப் போவதைவிடப் பெரிய அனுபவம் இல்லையா? தியலுமவில் விழுகிற தண்ணீரே பூனாகலை ஓயாத் தண்ணீர்தான். தோட்டங்களைக் கடந்து, அந்தச் சனத்தின் லயங்களைக் கடந்து வருகிற தண்ணீர். படத்தில் அது வெள்ளையாக விழுகிறது. மேலே மழை பெய்த நாளில் என்ன நிறத்தில் வருகிறது என்று பாருங்கள். மேல் குளங்களின் பாறை எந்த மாதத்தில் வழுக்கும், தண்ணீர் எத்தனை நிமிடத்தில் ஏறும் என்பதும் இந்தப் பக்கத்துப் பையன்களுக்குத்தான் தெரியும், கொழும்பிலிருந்து வேனோடு வருகிற வழிகாட்டிக்கு அல்ல.

ஒரு விஷயத்தை இப்போதே சொல்லிவிட வேண்டும். மீரியபெத்தையைக் காட்சிப்பொருளாக்கு என்று நாங்கள் கேட்கவில்லை. சாவு நடந்த இடத்தில் டிக்கட் கவுண்டர் போடுவதை நினைத்தாலே கூசுகிறது. அது அங்கே உறவைப் பறிகொடுத்தவர்கள் முடிவு செய்ய வேண்டியது. அவர்கள் வேண்டாம் என்றால் வேண்டாம், அவ்வளவுதான். உளுரு பாறையில் ஏறாதீர்கள் என்று அந்த மண்ணின் மக்கள் பல வருடங்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். 1985 ஒக்டோபர் 26 இல் பாறை அவர்கள் பெயருக்குத் திரும்பியது. ஏறுவது சட்டப்படி நிறுத்தப்பட்டதோ 2019 இல், அதே ஒக்டோபர் 26. அந்த 34 வருடமும் எத்தனை பேர் மிதித்துக்கொண்டு ஏறினார்கள்! “வேண்டாம்” என்று சொல்லும் அதிகாரம் கைக்கு வரும்வரை “வாங்க” என்று சொல்வதும் அவர்களுடைய சொல் ஆகாது.

முஸ்லிம்களாகிய எங்களுக்கு இந்த விஷயம் கொஞ்சம் கூடுதலாகவே உறைக்கிறது. பலாங்கொடைக்கு அப்பால் உள்ள கூரகலயை எங்கள் வீடுகளில் ஜெய்லானி என்றுதான் சொல்வோம். அங்கே கற்கால மனிதரின் எச்சங்கள் கிடைத்திருக்கின்றன, பௌத்தத் துறவிகளின் குகைகள் இருக்கின்றன, முஹிய்யித்தீன் அப்துல் காதிர் ஜெய்லானியின் பெயரில் எங்கள் சனம் தலைமுறை தலைமுறையாகப் போய்வந்த தர்காவும் பள்ளியும் இருக்கின்றன. மூன்றையும் சொன்னால் கேட்கிறவனுக்கு வாய் பிளக்கும். ஆனால் மூன்றில் ஒன்றை அடக்கி வாசிக்கிற பழக்கம் வந்துவிட்டது. சொந்த இடத்தில் வேறொருவர் கதை சொல்ல, பக்கத்தில் பேசாமல் நிற்பது எப்படியிருக்கும் என்று எங்களுக்குத் தெரியும். தெரிந்தவர்கள் தோட்டத்துச் சனத்துக்கு அதையே செய்வதா? கொஸ்லந்த டவுனில் கடை வைத்திருப்பவர்களில் எங்கள் ஆட்களும் இருப்பதால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம்.

“பிள்ளைகளுக்கு ஆங்கிலம் தெரியாது சேர், எப்படி வழிகாட்டுவார்கள்?” என்று ஒருவர் கேட்டார். எல்லயில் த்ரீவீலர் ஓட்டுகிற பையன்கள் ஜெர்மன் மொழியில் பேரம் பேசுகிறார்கள். தேவைப்பட்டால் மொழி வரும். வராதது அனுமதிப்பத்திரம். சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை நாடு முழுதுக்குமான வழிகாட்டிகளுக்கு மட்டுமல்ல, ஒரு பிரதேசத்துக்கும் ஒரு இடத்துக்கும் உரிய வழிகாட்டிகளுக்கும் அனுமதி கொடுக்கிறது. ஹல்துமுல்லப் பிரதேசத்தில் அந்த அட்டை எத்தனை தோட்டத்துப் பிள்ளைகளின் கழுத்தில் தொங்குகிறது? அட்டை இல்லாதவன் என்ன ஆகிறான்? பை தூக்குகிறான், பாதை காட்டுகிறான், விழப் போகிறவனைக் கை பிடித்து இழுக்கிறான். கடைசியில் டிப்ஸ். கதை சொல்லும் சம்பளம் வேனில் இருப்பவருக்கு.

கேட்க வேண்டியது பிரதேச செயலகத்தைத்தான். ஒக்டோபர் 29 ஆம் திகதி மாலையோடு வருகிற அரசியல்வாதிகளிடமும் கேளுங்கள், கண்ணீர் விட்டு முடித்ததும் கேளுங்கள்.

நாங்கள் எழுதியிருக்கும் கடிதத்தில் பெரிதாக ஒன்றும் இல்லை. தோட்டத்து இளைஞர் யுவதிகளுக்குத் தமிழில் விளங்கப்படுத்தி, வழிகாட்டிப் பயிற்சியும் அனுமதிப்பத்திரமும் இங்கேயே கொடுக்க வேண்டும், பண்டாரவளைக்கு அலைய வைக்கக் கூடாது. தியலும மேல் குளங்களுக்குப் போகும் எந்தக் குழுவும் இந்தப் பிரதேசத்து வழிகாட்டி ஒருவர் இல்லாமல் ஏறக் கூடாது. எழுப்பப்படும் பலகைகளில் தமிழ் இருக்க வேண்டும், எழுத்துப் பிழை இல்லாமல். பிழை திருத்த நாங்கள் இலவசமாக வருகிறோம். வசூலாகும் கட்டணத்தில் ஒரு பங்கு கான் துப்புரவுக்குப் போக வேண்டும். மீரியபெத்தைக்கு யாரையாவது கூட்டிப் போவதா இல்லையா என்பதை அங்கே உறவை இழந்த குடும்பங்களைக் கூட்டிக் கேட்டு, அவர்கள் சொல்வதைப் பதிவு செய்ய வேண்டும். அவர்கள் சம்மதித்தால் முன்னால் நடப்பவர்களும் அவர்களாகவே இருக்க வேண்டும்.

கடிதம் சிங்களத்திலும் தமிழிலும் இருக்கிறது. சிங்கள மொழிப் பாடசாலை ஆசிரியர்கள் சிலரும் கையெழுத்திட்டிருக்கிறார்கள். அதைக் கொண்டுபோய்க் கொடுக்கிறோம். தோட்டத் தலைவர்மார், அறநெறி வகுப்பு ஆசிரியர்கள், பள்ளி நிர்வாகத்தார், த்ரீவீலர் சங்கத்துத் தம்பிமார், கையெழுத்து வைக்க விரும்பினால் அதற்கு முன்பு எங்களில் யாரையாவது பிடியுங்கள்.